நான்கைவிட ஐந்து பெரியது

எண்ணெயிலே குளிக்கும், தலை துவட்டாது. பல் நிறைய இருக்கும், பலகாரம் தின்னாது. வாயே கிடையாது, ஆனாலும் கத்தும். அது என்ன? விடை தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். கேள்வி உங்களுக்குப் போட்டது அல்ல. உடுமலைப்பேட்டையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு பக்கமும் மரக்கட்டை கொடுத்து உயர்த்திய ஒரு பழைய வெள்ளைக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த சம்பத்குமார் தன் மகள் ஆதிரைக்குப் போட்டது அது. ஆதிரை மூன்றாம் வகுப்பு. ஞாயிறுதோறும் அப்பா ஒரு விடுகதை போடுவார், அவள் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு ஒரு விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். அந்த வீட்டின் வழக்கம் அப்படி. பூரியா தோசையா என்பதிலிருந்து எந்தக் கடையில் ஐஸ்கிரீம் என்பதுவரை அவளுடைய சட்டங்கள் அமலில் இருந்திருக்கின்றன. "இன்னைக்கி முன் சீட்டு கேக்கலாமாப்பா?" என்று காரின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக் கேட்டாள். அன்று பொள்ளாச்சியில் அவளுக்கு ஓவியப் போட்டி. பஸ்ஸில் ஏறினால் கோமங்கலம் தாண்டுவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிடும். ஆகவே கார் அவளுக்கு வெறும் கார் அல்ல. "கண்டுபிடி மொதல்ல. நீ சொல்றதுதான் சட்டம் கண்ணு" என்றான். அவள் விடுகதையை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள். ஓடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது, வேறு எத்தனையோ விடுகதை இருக்க இதை ஏன் போட்டோம் என்று. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை, சரி, விடுகதையாவது போய்ச் சொல்லட்டும் என்று மனசு தன் பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

முறைப்படிதான் எல்லாம் செய்திருந்தான். முதலில் வண்டியைத் தெருக்கோடிவரை இரண்டு தடவை ஓட்டி கியர் பெட்டியைச் சூடாக்கினான்; சூடு இருந்தால்தான் எண்ணெய் இளகி ஒட்டாமல் வடியும். அப்புறம் ஊற்றுகிற துளையின் மூடியை முதலில் திறந்து பார்த்துக்கொண்டான். வடிக்கிற மூடியை முதலில் திறந்துவிட்டு, ஊற்றுகிற மூடி துருப்பிடித்துத் திறக்காமல் போனால் வண்டி நடுவீதியில் அனாதைதான். இந்த விவரமெல்லாம் அவனுக்கு அத்துபடி. நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளன் அவன். எண்ணெய், கிரீஸ், பேரிங்கு, பெல்ட்டு என்று எந்த மிஷினுக்கு எது என்று கேட்டு அவனிடம்தான் வருவார்கள். மில்லில் அவனுக்கு ஆயில் சம்பத் என்றே பெயர். ஆயில் சம்பத். கீழ் மூடியைத் திருகி எடுத்ததும் எண்ணெய் முதலில் விரல் தடிமனுக்கு வந்தது, பிறகு நூலாக இளைத்தது, இப்போது சொட்டுச் சொட்டாக, பழைய பிளாஸ்டிக் டப்பில் விழுந்துகொண்டிருந்தது. வாசம் மூக்கில் ஏறியது. தீக்குச்சி அணைந்ததும் வருகிற கந்தக வாசம், கூடவே அழுகிய முட்டையின் ஒரு சாயல். மூடியின் நுனியில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். அதில் இரும்புத்தூள் கருப்பு மை போல அப்பியிருந்தது. அது பரவாயில்லை, ஓடுகிற வண்டியில் இரும்பு கொஞ்சம் தேயத்தான் செய்யும், காந்தம் பிடித்து வைத்துக்கொள்ளும். அவன் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தது டப்பில் இருந்ததை. தலையைத் திருப்பினால் தெரிந்தது. வெயில் ஒரு கீற்று காருக்கு அடியில் புகுந்து எண்ணெயின் மேல் விழுந்த இடத்தில், ஜரிகைப் புடவையைப் பிழிந்துவிட்டாற்போல, பொன் நிறமாக ஒரு மினுமினுப்பு சுற்றியது. பித்தளைத் தூள். காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், பித்தளையைப் பிடிக்காது. அது தன் பாட்டுக்கு எண்ணெயோடு எண்ணெயாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, இத்தனை மாதமும், கோகிலா வண்டியை எடுத்த ஒவ்வொரு தடவையும், கர்ர்ர் என்ற ஒவ்வொரு தடவையும்.

கர்ர்ர். அந்தச் சத்தம் வண்டிக்குள்ளிருந்து வந்ததைவிட அதிகம் ஆதிரையின் வாயிலிருந்து வந்தது. முதன்முதலில் அவள் அதைச் செய்தது தாராபுரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்து வாசலில். கோகிலாவின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கல்யாணம். சாப்பிட்டுக் கிளம்பும்போது கோகிலாதான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். வண்டி வாங்கியதே அவளுக்காகத்தான். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர், மலையடிவாரத்துக்கு மாற்றல் வந்ததும் நாளுக்கு இரண்டே பஸ்ஸை நம்பி எப்படிப் போவது என்று பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பயந்து பயந்து, ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்க்கவேர்க்கக் கற்றுக்கொண்டாள். அன்றைக்கு மண்டப வாசலில் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றியபோது வண்டி கத்தியது. வெற்றிலை மென்றுகொண்டு நின்ற அவளுடைய சித்தப்பா, "ஏனுங் மாப்ள, வண்டிக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?" என்றார். சம்பத்குமார் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம் என்று இப்போது சொட்டுகிற எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நினைப்பது சுலபம். அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள், நாக்கு முந்திக்கொண்டது. "மில்லுக்காரன் பொண்டாட்டிங்க மாமா. வண்டியிலயும் மில்லுதான் ஓட்டுவா." எல்லாரும் சிரித்தார்கள். பின்சீட்டிலிருந்த ஆதிரை, அப்பா சொன்னதற்கு எல்லாரும் சிரிக்கிறார்களே, நாமும் ஒன்று செய்வோம் என்று, "கர்ர்ர்ர்" என்றாள். அப்படியே வண்டியின் குரல். "இன்னொருக்கா பண்ணு கண்ணு" என்று ஒரு அத்தை சன்னல் வழியாக ஒரு மைசூர்பாகை நீட்டினாள். இன்னொரு தடவை செய்தாள். கோகிலா சிரித்தாள். சிரித்தாளா? ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அகட்டியதைச் சிரிப்பு என்று சொன்னால், சிரித்தாள்.

"அப்பா! சீப்பு!" என்று ஆதிரை வந்து நின்றாள். கண்ணில் ஜெயித்துவிட்ட பளபளப்பு. "பல்லு நெறைய இருக்குது, எண்ணெய் தேய்க்குது, பலகாரம் திங்காது." அவன் காருக்கு அடியிலிருந்து அவளுடைய கால்களை மட்டும் பார்த்தான். வெள்ளைச் சாக்ஸ், கருப்பு ஷூ. போட்டிக்குப் போகிறாள் என்று கோகிலா பள்ளிக்கூட ஷூவைப் போட்டுவிட்டிருந்தாள். "சீப்பு கத்துமா?" என்றான். "நீங்க தலை சீவிவிட்டா நான் கத்துவேன்." "நீ கத்துவே. சீப்பு கத்தாதில்ல." அவள் யோசித்தாள், ஷூவின் மூக்கு தரையைத் தட்டியது. தட்டியபோது மூக்கு உள்ளே மடங்கியது, ஏனென்றால் அங்கே கால் இல்லை, பஞ்சுதான் இருந்தது. "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள். டக் டக் என்று குதிகால் கழன்று கழன்று விழுகிற ஓட்டம்.

அந்த ஷூவையும் அவன்தான் எடுத்தான். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாப் போடுங்க என்று கடைக்காரர் சொல்வதற்கு முன்னாலேயே அவன் சொல்லிவிடுவான். சட்டையா, ஒரு சைஸ் பெரிசு. குக்கரா, மூன்று பேருக்கு ஐந்து லிட்டர். எது வாங்கினாலும் தேவைக்கு ஒரு படி மேலே வாங்கு, வீண் போகாது. அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான், அவனும் அப்படித்தான். கியர் ஆயில் டப்பாவிலும் வகையைச் சொல்லும் ஒரு எண் போட்டிருந்தது. ஜி.எல். நான்கு, ஜி.எல். ஐந்து. இரண்டும் கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எண்ணெயின் கெட்டி எத்தனை என்று சொல்கிற எண்பது, தொண்ணூறு என்ற எண்ணெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தக் கடைசி எண் மட்டும்தான் வேறு. நான்கைவிட ஐந்து பெரியது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஐந்தை எடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அதை யோசித்து எடுத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஷூவை எடுக்கிற கை எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. வீட்டுக்கு வந்து ஊற்றும்போது கோகிலா... இல்லை, அது அப்புறம். ஷூவைப் பற்றி அல்லவா நினைத்துக்கொண்டிருந்தான். விளையாட்டு விழாவில் ஆதிரை ஓட்டப்பந்தயத்தில் பாதி தூரம் முதலில் ஓடினாள், பிறகு ஷூ கழன்று, கால் தடுக்கி, முட்டி தேய விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கிக்கொண்டு வரும்போது என்ன சொன்னான்? "பாத்து ஓடோணும் கண்ணு." ஷூவைச் சொல்லவில்லை. ஓடுகிறவளைச் சொன்னான். காருக்கு அடியில் அந்த வாக்கியம் வந்து அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பார்த்து ஓட வேண்டும். பார்த்து கியர் போட வேண்டும். பெரிய ஷூவைக் காலில் மாட்டிவிட்டவன், தப்பான எண்ணெயை ஊற்றியவன், வெளியே நின்று கைகட்டிச் சொல்கிறான், பார்த்து, பார்த்து.

சொட்டு இன்னும் நிற்கவில்லை. நிற்கட்டும், முழுசாக வடியட்டும், ஒரு துளிகூட உள்ளே இருக்கக் கூடாது. ஐந்து கெட்ட எண்ணெய் அல்ல. அதுதான் வேடிக்கை. லாரியின் பின் அச்சில் பல்சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, அழுத்தி, மலை ஏறுகிறபோது, அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்குக் கந்தக மருந்து கூடுதலாகக் கலந்து செய்தது. அங்கே அது ராஜா. ஆனால் இந்தக் கியர் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கின்றன. ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். நேராகச் சேர்ந்தால் பல்லும் பல்லும் மோதிக்கொள்ளும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் நாலு எட்டு கூடவே ஓடி ஏறுவதில்லையா, அந்த நாலு எட்டு ஓடுகிற வேலைதான் வளையத்துக்கு. மெல்லப் பிடித்து, வேகத்தைச் சமமாக்கி, பிறகு சேர்த்துவைக்கும். மருந்து கூடிப்போன எண்ணெயில் வளையத்துக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும். சூட்டில் அந்த மருந்து பித்தளையை அரிக்கவும் செய்யும். அரித்தது டப்பில் மின்னுகிறது. இதெல்லாம் அவனுக்கு எப்போது தெரிந்தது? வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாரும் கூட இல்லாமல் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பூர் ரோட்டில் போனபோது, இரண்டாவது கியர் அவன் கையிலேயே கர்ர்ர் என்றது. அவன் செய்த முதல் காரியம் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தது, யாராவது கேட்டார்களா என்று. கேட்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் மில் ஸ்டோர்ஸில் லாரி அச்சுக்கு வந்த டின்னின் முதுகில் அவன் நூறு தடவை கடந்துபோன அந்தச் சின்ன எழுத்தை நின்று படித்தான். நான்கு கேட்கிற கியர் பெட்டிக்கு இதை ஊற்றாதீர். "என்ன ஆயில் சம்பத், டின்னுக்குப் பாடம் நடத்தறீங்களா?" என்று வாட்ச்மேன் கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் என்று தள்ளிவைத்த அந்த நினைப்பு இப்போது வந்தது. எண்ணெய் ஊற்றிய அன்று கோகிலா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள். பிடித்துக்கொண்டே டப்பாவைத் திருப்பிப் படித்தாள். மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறவர்கள் கையில் எது கிடைத்தாலும் லேபிளைப் படிப்பார்கள். "ஏனுங்க, வண்டி புக்குல நாலுன்னுதானே போட்டிருக்குது?" அவன் என்ன சொன்னான்? "அதவிட ஒசத்திதான் இது." "டோசு கூடுனா நல்ல மருந்துன்னு இல்லீங்க." "இது உன்ற மாத்திரை டப்பா இல்ல கோகிலா, டார்ச்ச நேராப் பிடி." டார்ச்சை நேராகப் பிடித்தாள். ஆக அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? மண்டப வாசலில் எல்லாரும் சிரித்தபோது, அந்த ஸ்டியரிங் வட்டத்தைப் பார்த்தபோது, தெரிந்துகொண்டேவா உட்கார்ந்திருந்தாள்? தெரிந்தும் சொல்லாமலா? இல்லை, அவளும் மறந்திருப்பாள். அவளும் தன் கைதான் சரியில்லை என்று நம்பியிருப்பாள். எது மோசம்? தெரிந்து வாயை மூடிக்கொண்டு இருந்தது மோசமா, தெரியாமல் தன்னையே குறை சொல்லிக்கொண்டது மோசமா? இரண்டில் எதை எடுத்தாலும் அவன் பக்கம்தான் வந்து நின்றது. கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை சாவி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. "பஸ்ஸுல போனா நிம்மதியா தூங்கிட்டே போலாமுங்க" என்றாள். அன்றிலிருந்து விடிகாலை பஸ். ஆணியில் சாவி. வீட்டுக்குள் ஆதிரையின் கர்ர்ர். அம்மா பீரோவைத் திறந்தால் கர்ர்ர், பையின் ஜிப்பை இழுத்தால் கர்ர்ர், வீட்டுப்பாடத்தில் தானே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு அழித்தால் கர்ர்ர். முதல் பத்துத் தடவை அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை. போன வாரம் வகுப்பில் டீச்சர் கேட்டாராம், வீட்டில் யார் யாருக்கு என்ன என்ன தெரியும் என்று. "எங்கப்பாவுக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும், எங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன். சரிதானம்மா?" கோகிலா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "ஆமா கண்ணு" என்றாள். அந்த 'ஆமா'. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். தண்ணீர் போதுமா என்று கேட்டால் ஆமா என்பதுபோலச் சொன்னாள்.

டப்பில் சொட்டு விழுகிற இடைவெளி நீண்டது. ஒன்று விழுந்தது. இனி இல்லை என்று நினைத்தபோது இன்னொன்று. பக்கத்தில் புது டப்பா இருந்தது; நான்கு. கீழ் மூடியைத் துடைத்து, காந்தத்துக் கருப்பை வழித்து, திருகி இறுக்கினான். மேல் துளையில் குழாயைச் செருகினான். இதை ஊற்றிவிட்டால் முடிந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, சரி பண்ணீட்டேன், இனி ஓட்டு கோகிலா, என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? நன்றாகத்தான் ஆகும். கோகிலா கெடுத்ததை அப்பா சரிசெய்தார் என்று ஆகும். ஆதிரை அதையும் போய் டீச்சரிடம் சொல்வாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாமல் அந்தப் பொய் அந்த வீட்டில் என்றைக்கும் இருக்கும், ஆணியில் தொங்குகிற சாவி மாதிரி. அதுதான் அவனுக்குப் பயம். அதைவிடப் பயம், அது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தது. ஏனென்றால் நேற்றே அதன் ருசியைப் பார்த்துவிட்டான். நேற்று, எல்லாம் தெரிந்த பிறகு, டின்னின் முதுகைப் படித்த பிறகு, இந்தப் புது டப்பாவை வாங்கப் போனபோது கடைக்காரர், "போன வருசந்தானுங்களே மாத்துனீங்க, அதுக்குள்ள என்னாச்சுங்க?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டார், பில் போடுகிற சாக்கில். ஆயில் சம்பத் தப்பான ஆயில் ஊற்றிவிட்டான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவன் வாய் திறந்தது. "வீட்ல ஓட்டறாங்க. கியர் போடத் தெரியறதில்ல." கடைக்காரர் சிரித்தார். இவனும் சிரித்தான். தெரியாமல் சொன்னதெல்லாம் ஒரு பக்கம். இது தெரிந்து சொன்னது. யாரும் நெருக்கவில்லை, மண்டபம் இல்லை, மாமா இல்லை. முகம் தெரியாத ஒரு மனுஷன் முன்னால் ஒரு எண்ணின் பிழையை ஒத்துக்கொள்வதைவிட, அங்கே இல்லாத கோகிலாவைத் தூக்கிக் கொடுப்பது அவன் வாய்க்கு எளிதாக இருந்தது. காருக்கு அடியில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடினாலும் கடைக்காரரின் பல் தெரிந்தது.

எண்ணெய் உள்ளே போயிற்று. துளையின் விளிம்பு வரை நிரம்பி, ஒரு கீற்று வெளியே வழிந்தால் போதும் என்று கணக்கு; அதற்கு மேல் போகாது, பெட்டியே போதும் என்று சொல்லிவிடும். வழிந்தது. தேன் நிறம், சுத்தம். மூடியை இறுக்கினான். அப்போது ஷூ வந்து நின்றது. இந்தத் தடவை ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். தரையில் கையூன்றிக் குனிந்து, அவனையும், அவனுக்கு மேலே எண்ணெய் பூசித் தொங்குகிற இரும்பு வயிற்றையும், டப்பையும் பார்த்தாள். "அப்பா, இது தங்கமா?" "இல்ல, பித்தளை." "எதுலருந்து வந்துச்சு?" "கியருக்குள்ளருந்து." அவள் வாய் மெல்லத் திறந்தது. "எண்ணெயில குளிக்கறது. பல்லு இருக்கறது. கத்தறது." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினாள். "கியருப்பா! கியருதானே?" கத்தினாள். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் அவன் அவளிடம் கேட்டான். "சரி, கியரு. அது எதுக்குக் கத்துது?" ஆதிரைக்கு இது விடுகதையே இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, "அம்மா ஓட்டறதால" என்றாள்.

சம்பத்குமார் ஊர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். எழுந்து நிற்கவில்லை, அவள் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டான், சக்கரத்தில் சாய்ந்து. "இல்ல கண்ணு. நாலாம் நம்பர் எண்ணெய் ஊத்த வேண்டியதுக்கு அப்பா அஞ்சாம் நம்பர் ஊத்தீட்டேன். அதான் கத்துச்சு." "அஞ்சுதானே பெருசு?" "பெருசுதான். இந்த வண்டிக்கு ஆகாது. அம்மா அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல." அவள் அவனையே பார்த்தாள். குழந்தை அழுவாள், சிரிப்பாள், கர்ர்ர் என்று அவனைப் பார்த்துச் செய்வாள் என்றெல்லாம் நினைத்தான். செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான், தீர்ந்துபோகும். அவள் செய்யவில்லை. "அப்ப மண்டபத்துல?" என்றாள். "மண்டபத்துலயும் என்ற தப்புதான்." "நான் கர்ர்ருன்னேன்." "நான் சிரிச்சதப் பாத்துத்தானே நீ அப்படிப் பண்ணுனே." அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போனது. திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோகிலா படியில் நிற்பது அவனுக்குப் பிடரியிலேயே தெரிந்தது. புடவை கட்டி, கிளம்பத் தயாராக, கையில் ஆதிரையின் வரைபலகையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றான், திரும்பாமல்.

"தெரியாம என்னங்க. டப்பாவ நாந்தானே படிச்சேன்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னேனுங்களே. டார்ச்ச நேராப் பிடின்னீங்க."

அவன் எழுந்தான். காரிலிருந்து சாவியை எடுத்து, எண்ணெய்க்கை பட்டுவிடக் கூடாது என்று துணியால் பிடித்து நீட்டினான். நீட்டிய கை காற்றில் நின்றது. நேற்றைய கடையையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னான், பாதி வாக்கியத்தில், கடைக்காரர், வீட்ல ஓட்டறாங்கன்னு, நேத்து, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டும். கோகிலா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வரைபலகையை மட்டும் இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இப்ப சரியான எண்ணெய் ஊத்தியாச்சு. நீ ஓட்டு" என்றான். "தேஞ்ச வளையம் வளந்துருமுங்களா?" என்றாள். மருந்து கேட்டு வந்தவனிடம் வேளாவேளைக்குச் சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். "இப்பவும் ரெண்டாவது கியர்ல சத்தம் வரும். கொஞ்சம் கொறையும், வராம இருக்காது. இனி அந்தச் சத்தம் யாரு பேர்லங்க வரும்?"

"என்ற பேர்ல" என்றான்.

அவள் தலையசைத்தாள். சாவியை வாங்கவில்லை. "இன்னைக்கி எனக்கு ஓட்டற மனசு இல்ல. நான் பஸ்ஸுல போயர்றேன். நீங்க குளிச்சிட்டுக் கார்ல வாங்க. பாப்பா உங்க கூட வந்தாலும் சரி, என்ற கூட வந்தாலும் சரி." ஆதிரையைப் பார்த்து, "நீதானே ஜெயிச்சே. சொல்லு" என்றாள்.

சம்பத்குமார் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே, மகள் பக்கம் பார்க்காமல், "முன் சீட்டுதானே கண்ணு கேட்டே. முன் சீட்டு இருக்குது" என்றான்.

ஆதிரை பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து முகர்ந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அதைக் கலர்ப்பெட்டியோடு பைக்குள் போட்டு, கர்ர்ர் சொல்லாமல் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, அம்மாவோடு நடந்து போனாள்.